பெரட்டுக்குத் தூக்கிய கை

சின்னக்கல் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
ஜூன் 22

அன்பு மகன் திலக்ஷனுக்கு அப்பா எழுதுகிறேன்.

கந்தப்பளை பிரேமினியின் வீட்டுக்காரர் லீவு முடிந்து நீ இருக்கிற தோகாவுக்குத் திரும்புகிறார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்து, உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என் நம்பரை நீ போனில் அடைத்து வைத்துவிட்டாய். காகிதத்தை அப்படி அடைக்க முடியாது. கிழிக்கலாம். படித்துவிட்டுக் கிழி.

வீட்டு நிலவரம் முதலில். மழை விடவில்லை. தேயிலைக் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை. சிவப்பி கன்று போட்டுவிட்டது, கிடேரி. என் முழங்கால் முன்பு மாதிரியேதான். உன் அம்மா எழும்புகிறாள், சமைக்கிறாள், மாட்டுக்குப் புல் அறுத்துப் போடுகிறாள். என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்கிறாள். அவளைச் சுகம் என்று எழுத எனக்கு வரவில்லை.

நீ பேஸ்புக்கில் போட்டதை டவுனில் சலூன் கடையில் வைத்து எனக்குக் காட்டினார்கள். பெற்ற தாயாக இருந்தாலும் துரோகி துரோகிதான் என்று எழுதியிருக்கிறாய். இதற்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரியும் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பேரை எழுதாமல் விட்டாய். நானே எழுதுகிறேன். மருதமுத்து, உன் அப்பன். அவன் ஒன்றும் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. நீ பார்த்த வீடியோவில் அரை நிமிடம்தான் இருக்கிறது. நான் அந்தச் சபை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவன். அதனால் சொல்கிறேன்.

தேர்தல் முடிவு உனக்குத் தெரியும். நம்ம பிரதேச சபையில் இருபத்து மூன்று கதிரை. கொழும்பில் ஆளுகிற கட்சிக்குப் பதினொன்று கிடைத்தது. மீதிப் பன்னிரண்டும் நாலு கூட்டத்துக்குள் சிதறிக் கிடந்தது. நம்ம தொழிற்சங்கம், அந்தச் சங்கம், டவுன் கடைக்காரர்களின் கட்சி, ஒரு சுயேச்சை. நாலும் ஒன்றை ஒன்று திட்டித்தான் ஓட்டு வாங்கின. முடிவு வந்த வாரமே நாலும் ஒரு மேசையில் உட்கார்ந்தன. எதிரணிக் கூட்டு ஆட்சி என்று பேர் வைத்தார்கள். சபைக்குத் தலைமை தாங்கத் தவிசாளராகக் கடை முதலாளி செல்வரத்தினம், உப தவிசாளராக நம்ம அமைப்பாளர் சுதாகரன் என்று பேசி முடித்தார்கள்.

கோயில் மண்டபத்தில் சுதாகரன் கூட்டம் போட்டு இதைச் சொன்னபோது நான் எழும்பினேன். ஏன்யா, இந்தத் தோட்டத்தில் ரெண்டு சங்கத்து ஆளும் ஒரே பீலியில் தண்ணி புடிச்சிருக்கோமா, கல்யாணத்துக்குப் போனாலும் சங்கம் பார்த்துத்தானே பந்தியில் உட்கார்ந்தோம், அந்தச் சங்கத்துப் பூரணத்தின் மாமனார் செத்தப்போ நம்ம ஆள் ஒருத்தன் பாடைக்குத் தோள் கொடுத்தானா, நாளைக்கு விடிஞ்சா அண்ணன் தம்பி என்றால் இத்தனை வருஷம் எங்களை எதுக்கு அடிச்சுக்க வச்சீங்க என்று கேட்டேன். பழசைக் கிளறாதீங்க தலைவரே, கதிரை கையை விட்டுப் போயிரும் என்றான் சுதாகரன். பின்னால் இருந்து ஒருத்தன், பெருசுக்கு மெம்பர் சீட் கிடைக்கல, அதான் வயிறு எரியுது என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சீட் எனக்குக் கிடைக்கவில்லை, அது உண்மை. தோட்டத் தலைவராக நான் எத்தனை வருஷம் இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். பெண்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால் மாதர் தலைவியாக இருந்த உன் அம்மாவின் பேரைப் போட்டு மெம்பர் ஆக்கினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அதை நான் இன்றும் சொல்வேன். கூட்டு வேண்டாம் என்று நான் சொன்னதும் சொன்னதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கூட்டம் முடிந்து வரும் வழியில் உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? நீங்க என்ன வேணா பேசுங்க, நான் சங்கம் சொன்ன ஆளுக்குத்தான் கை தூக்குவேன், பிள்ளை அங்கேருந்து பேஸ்புக்கில எனக்காக எவ்வளவு பாடுபட்டான் என்றாள். பிள்ளை என்றது உன்னை.

ஓட்டெடுப்புக்கு முன்னால் யாரும் ஆளை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்று பன்னிரண்டு பேரையும் வேனில் ஏற்றி இறம்பொடையில் ஒரு தங்குமிடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். போனை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உன் அம்மாவுக்கும் பூரணத்துக்கும் ஒரே அறை. பீலியடியில் அம்மாவின் குடத்தை உடைத்த அதே பூரணம், அந்தச் சங்கத்து மெம்பர். ஒரு கட்டில்தான் இருந்ததாம். ஏ நாகு, நீ சுவரோரம் படு, உன்னை யாராவது தூக்கிட்டுப் போனா சுதாகரன் என்னைத்தான் கேட்பான் என்றாளாம் பூரணம். ரெண்டு பேரும் சிரித்தார்களாம். திரும்பி வந்து எனக்கு அவள் சொன்னது இது ஒன்றுதான்.

அங்கே பழக்கியும் விட்டிருக்கிறார்கள். சுதாகரன் முன்னால் நின்று செல்வரத்தினம் என்று சொல்ல, பன்னிரண்டு கையும் ஒன்றாக எழும்ப வேண்டும். முதலில் சொல்லுகிற ஆளுக்கு அசையாதீங்க, ரெண்டாவது ஆளுக்குத்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். சபையில் அந்த மாதிரி நடக்கவில்லை. அங்கேதான் எல்லாம் போயிற்று.

தேர்தலை நடத்த வந்த பெரிய அதிகாரி சிங்களவர். பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண். முதலில் ஆளும் கட்சியின் ஆளுக்கு ஆதரவு கேட்டார்கள். பேர் வாசிக்கும்போது ஆதரவு தருகிறவர் கையைத் தூக்க வேண்டும், மற்றவர் சும்மா இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அதிகாரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொரு பேராக இறக்கி, தலை நிமிராமல் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒரே குரல். எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி.

நாகலெட்சுமி என்று கூப்பிட்டார். உன் அம்மாவின் வலக்கை மேலே போனது. ஐயா என்று குரலும் கொடுத்தாள்.

பெரட்டை நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். விடியக்காலையில் கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பேர் கூப்பிடுவார். பேர் காதில் விழுந்ததும் கை மேலே போக வேண்டும். போகாவிட்டால் அன்றைக்குப் பேர் வெட்டு, வேலை இல்லை. பதினாறு வயதில் அந்த வரிசையில் போய் நின்றவள் அவள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலோடு நின்றாள். தன் தாயைப் புதைத்த மறுநாளும் நின்றாள். பென்ஷன் எடுத்த பிறகும் அடுக்களையில் இருக்கும்போது நான் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் கை மேலே போகும், பிறகு அவளே சிரிப்பாள். நீயும் அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாய். நினைவு இருக்கிறதா?

மண்டபத்தில் கூச்சல் எழும்பியது. சுதாகரன் மேசையில் அடித்தான். அதிகாரி நிறுத்தி, அந்தப் பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னார். அவள் கேட்டது இதுதான்: அம்மா, கை தூக்கினது நீங்கதானே? உன் அம்மா எழும்பி நின்று, ஆமாங்க, நான்தான் என்றாள். யாருக்குத் தூக்கினீங்க என்று கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். கேட்கவில்லை. புத்தகத்தில் எழுதிவிட்டார்கள், ரெண்டாவது ஆளுக்கு அவள் பேரைக் கூப்பிடவே இல்லை. பன்னிரண்டுக்குப் பதினொன்று. ஆளும் கட்சியின் ஆள் தவிசாளர் ஆனான். வீடியோவில் நீ பார்த்தது அந்தக் கையும் அந்த ஆமாவும்தான்.

வாசலில் அவளைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஒருத்தன் துப்பினான். அவள் பூரணத்தைப் பார்த்து, ஏன் சத்தம் போடுறாங்க என்று கேட்டாள். பூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது நான்தான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை.

நான் சொல்லி யாரும் நம்பவில்லை. கூட்டு வேண்டாம் என்று பேசியவன் சொன்னால் யார் நம்புவார்கள்? நீயும் நம்ப வேண்டாம். அவளிடம் கேள். போன் எடுத்து ஒரு தடவை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. மருதமுத்து


சின்னக்கல் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
அக்டோபர் 9

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

பதில் வரவில்லை. கடிதத்தை உன் கையில்தான் கொடுத்ததாகவும், நீ வாங்கிப் பையில் வைத்துக்கொண்டதாகவும் பிரேமினியின் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பையில் இருந்தால் இருக்கட்டும். இதைத் தபாலில் போடுகிறேன்.

இங்கே மழை குறைந்துவிட்டது. மேல் மலையில் கவ்வாத்து வெட்டுகிறார்கள். கன்று பெருத்துவிட்டது, கயிற்றை அறுக்கிறது. நீ அனுப்புகிற காசு மாதம் தவறாமல் வருகிறது. காசோடு ஒரு வார்த்தையும் வருவதில்லை. அம்மாவுக்கும் சேர்த்துத்தானே அனுப்புகிறாய் என்று ஒரு நாள் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போனாள்.

ஆடித் திருவிழா முடிந்தது. கரகம் லயம் லயமாக, வீட்டு வரிசை விடாமல் வந்து ஒவ்வொரு வாசலிலும் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். அம்மா குளித்துவிட்டு, பித்தளைக் குடத்தில் மஞ்சள் தண்ணியும் வேப்பிலையும் வைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் நின்றாள். கரகம் தூக்கி வந்தவரின் காலுக்கு ஊற்றத்தான். பக்கத்து வாசலில் நின்றது. நம்ம வாசலில் தப்பு அடித்தவர்கள் அடியைக்கூட மாற்றவில்லை, நேரே போய் அடுத்த வாசலில் நின்றார்கள். அவள் குடத்தோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தத் தண்ணியை ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்து குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். நான் கோயில் கமிட்டியிடம் போய்க் கேட்டேன். சண்டைதான் வந்தது. வந்தால் வரட்டும்.

இன்னொன்று. சபைக்காரர்கள் வந்து நம்ம லயத்துக்கு முன்னால் ஒரு பெரிய லைட் போட்டுவிட்டுப் போனார்கள். புதிய தவிசாளர் நன்றிக்கடன் தீர்க்கிறாராம். நாம் கேட்கவில்லை. தோட்டத்தில் வேறு எங்கேயும் லைட் இல்லை, நம்ம வாசலில் மட்டும் பளீரென்று எரிகிறது. பாருங்க, கூலி கொடுத்துட்டாங்க என்று சொல்லிக்கொண்டு போகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டத்தான் அது உதவுகிறது. சபைக்குப் போய்க் கழற்றுங்கள் என்றேன். கழற்ற ஆர்டர் இல்லை என்றார்கள். ஏணி வைத்து ஏறி உரச் சாக்கைப் போட்டுக் கட்டிவிட்டேன். முழங்கால் வலியோடுதான் ஏறினேன். அணிலுக்கு வீடு கட்டியிருக்கீங்களா தாத்தா என்று எதிர் லயத்துப் பொடியன்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். சாக்கு இருக்கும்.

சங்கத்திலிருந்து அம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன், அவள் கையெழுத்து வைத்தாள். விலக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. விசாரணை நடக்கிறதாம். ஏன் நடந்துகொண்டே இருக்கிறது என்பது போன வாரம்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் பூரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீலியடியில் நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணே, நாகு பெரட்டுக்குத்தான் கையைத் தூக்கினா, பக்கத்துல இருந்த எனக்குத் தெரியாதா, அவ ஐயான்னு சொன்னப்பவே எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு என்றாள். அப்போ வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன என்று கேட்டேன். சொன்னா என்னையும் அவளோட சேர்த்து வச்சிருவாங்கண்ணே, ஒரே கட்டில்ல படுத்தவ, ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சாங்கன்னு கதை கட்டுவாங்க, எனக்கும் மருமக வந்திருக்கா என்றாள். அழுதாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் வாளியைக் கழுவி முடித்தேன். அவள் அழுதது என்னத்துக்கு ஆகும்?

போன ஞாயிற்றுக்கிழமை சுதாகரன் வந்தான். கூடவே செல்வரத்தினம் முதலாளி. ஒரு கூடை ஆப்பிள், ஒரு ஹார்லிக்ஸ் போத்தல். இதே சுதாகரன்தான் ஜூன் மாதம் டவுனில் மைக் பிடித்து, தாய்க்குலத்துக்கே அவமானம் என்று பேசியவன். இஸ்தோப்பில் உட்கார்ந்து, என்ன தலைவரே லைட்டுக்குக் குளிருதா, போர்வை போட்டிருக்கீங்க என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். வருஷக் கடைசியில் சபையின் வரவு செலவுத் திட்டம் ஓட்டுக்கு வரும். ரெண்டு தடவை தோற்றால் தவிசாளர் கதிரையை விட்டு இறங்க வேண்டும், புதுத் தவிசாளரை எடுக்கலாம். நாலு கட்சியும் இன்னும் சேர்ந்துதான் இருக்கின்றன. உன் அம்மாவின் கை மட்டும் வேண்டும். அம்மா வந்துட்டா ஆட்சி நம்மளோடது, நடந்ததையெல்லாம் நாங்க மன்னிச்சிட்டோம் என்றான்.

மன்னிக்க நீங்க யாரு, அவ என்ன தப்புப் பண்ணினா என்று கேட்டேன். ஒன்று செய்யுங்கள், பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்கும்போது வந்து, நாகலெட்சுமி யாரிடமும் விலை போகவில்லை, பழக்கத்தில் தூக்கிவிட்டாள், துரோகி என்று சொன்னது எங்கள் தப்பு என்று சொல்லுங்கள், அதற்குப் பிறகு அவளிடம் கேளுங்கள் என்றேன். முதலாளி தொண்டையைச் செருமினார். அதெப்படிங்க, பழக்கதோஷத்துல ஒரு ஆட்சி போச்சுன்னு சொன்னா ஊர் சிரிக்காதா, எங்க மெம்பருக்குக் கை எப்பத் தூக்கணும்னு தெரியாதுன்னுல்ல ஆயிரும், காசு வாங்கினாங்கன்னு இருந்தாத்தான் அரசியல் என்றார். மனிதர் மறைக்காமல் சொன்னார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அவர்களுக்கு உண்மை தெரியும் மகன். வீடியோ எடுத்தவனுக்கும் தெரியும். தெரியாமல் இருப்பது நீ ஒருவன்தான்.

போங்க வெளியில என்று நான் எழும்பினேன். அதற்குள் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இடக்கையால் வைத்தாள். ஜூன் மாதத்திலிருந்து அவள் வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள்தான் வைத்திருக்கிறாள். தலை வாருவதும் இடக்கைதான். மேல் தட்டில் இருக்கிற மிளகாய்த் தூள் டின்னை எடுக்க என்னைக் கூப்பிடுகிறாள். டாக்டர் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். சுதாகரன் அவளைப் பார்த்து, என்னம்மா சொல்றீங்க என்றான். வர்றேன் என்றாள். அவ்வளவுதான். அவர்கள் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கூப்பிட்டா போகணும்ல என்றாள்.

அவள் போனை ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறாள். எடுத்துப் பார்ப்பதில்லை. தூசி மட்டும் துடைக்கிறாள். உனக்கு இது தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

இப்படிக்கு,
அப்பா


சின்னக்கல் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
டிசம்பர் 28

அன்பு மகன் திலக்ஷனுக்கு,

இது மூன்றாவது கடிதம். இதற்கு மேல் எழுத எனக்கும் ஒன்றும் இல்லை.

பனி கடுமையாக இருக்கிறது. விடியக்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது, பள்ளத்தில் கொழுந்து கருகிவிட்டது. சிவப்பி பாலைக் குறைத்துவிட்டாள். சாக்கு பனியில் நைந்து கிழிந்தது. வேறு சாக்கு மாற்றிக் கட்டிவிட்டேன்.

உங்கள் கூட்டு ஆட்சி வந்துவிட்டது. உனக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். எப்படி வந்தது என்று வீடியோவில் இருக்காது. பார்வையாளர் வரிசையில் எல்லா நாளும் நான் இருந்தேன். சுதாகரனின் ஆட்கள் வாசலில் என்னைத் தடுத்தார்கள், பொதுமக்கள் உட்காரலாம் என்று சட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

முதல் தடவை. வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவு என்று பேர் வாசித்தார்கள். நாகலெட்சுமி என்று கேட்டதும் அவள் இடக்கையால் வலக்கையைப் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். அந்தக் கை துள்ளியது, எனக்குத் தெரிந்தது. மீன் துள்ளுவது மாதிரி. பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு எதிர்ப்பு என்று வாசித்தார்கள். மறுபடியும் நாகலெட்சுமி. இப்போது தூக்க வேண்டும். அவள் தூக்கவில்லை. பிடித்த பிடியை விடவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுதாகரன் கதிரையை விட்டுப் பாதி எழும்பிவிட்டான். பேரை இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். அப்போது பக்கத்தில் இருந்த பூரணம் குனிந்து, அம்மாவின் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வலக்கை மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினாள். தூக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுதுகிறவர் எழுதி முடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு இறக்கி மடியில் வைத்தாள், தூங்குகிற பிள்ளையின் கையை வைப்பது மாதிரி. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. யாருடைய கை என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கத் தெரிந்தவர்கள் அன்றைக்கு மண்டபத்தில் இல்லைபோலும்.

ரெண்டாவது தடவையும் அதேதான். பூரணம்தான் தூக்கினாள். திட்டம் தோற்றது, தவிசாளர் இறங்கினார். அதற்குப் பிறகு புதுத் தவிசாளரை எடுக்க ஓட்டு நடந்தது. செல்வரத்தினம் என்று வந்தபோது பூரணம் தூக்க வேண்டியிருக்கவில்லை. முழங்கையில் லேசாகத் தொட்டாள். கை தானாக எழும்பியது.

வெடி கொளுத்தினார்கள். ரெண்டு சங்கத்துக் கொடியையும் ஒரே கம்பில் கட்டி வைத்திருந்தார்கள். அம்மாவை லொறியில் ஏற்றி, மாலை போட்டு, தேயிலைக் கூடை ஒன்றைத் தலையில் மாட்டிவிட்டு டவுனைச் சுற்றி வந்தார்கள். எங்கள் வீரத்தாய் என்று சுதாகரன் மைக்கில் கத்தினான். ஜூன் மாதம் அவன் கத்திய அதே சந்திதான். துப்பின ஆளும் லொறிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வந்தான். கூடையின் கயிறு அவள் நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைத்தது. அதைச் சரி செய்ய அவள் கையைத் தூக்கவில்லை. மறைத்தபடியே டவுன் முழுக்கப் போனாள்.

இப்போது லயத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். கடைசித் தொங்கல் வீட்டு ஜீவராணி கொழுக்கட்டை கொண்டுவந்து தருகிறாள். தைப்பொங்கலுக்கு முதல் படி அரிசியை நம்ம வாசலில்தான் வாங்குவோம் என்று கோயில் கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். செல்வரத்தினம் முதலாளி நம்ம லயத்துக்கு இன்னொரு லைட் தருவதாகக் கூட்டத்தில் அறிவித்திருக்கிறார். இன்னொரு சாக்கு தேடி வைத்திருக்கிறேன். பெரட்டுக் களத்தில் வந்து ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. துரோகி என்றார்கள், வீரத்தாய் என்கிறார்கள். ரெண்டையும் ஒரே வாயால், அவளைப் பார்க்காமலேயே சொல்கிறார்கள். விசாரணை முடிந்துவிட்டதாம், குற்றம் மன்னிக்கப்பட்டதாம், சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்துத் தேத்தண்ணி போட்டேன்.

பூரணம் அன்று செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தூக்காமல் இருந்திருந்தால் உன் அம்மாவை அந்த மண்டபத்து வாசலில் கிழித்துப் போட்டிருப்பார்கள். அதைத் தெரிந்துதான் தூக்கினாள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ரெண்டு தடவை பீலியடி வரை போனேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டேன்.

இனி உன் விஷயம்.

லொறியில் அம்மா நிற்கிற படத்தை நீ பேஸ்புக்கில் போட்டிருக்கிறாய். என் தாய், என் பெருமை என்று எழுதி, சிவப்பு இதயம் வைத்திருக்கிறாய். அதே சலூன் கடையில்தான் பார்த்தேன். நிறையப் பேர் உன்னை வாழ்த்தியிருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. உன் பேர் வந்தது. அவள் அடுப்படியிலிருந்து வந்து, டிவிக்குப் பக்கத்தில் நின்று, அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் அடுப்பை ஊதினாள். நான் எடுக்கவா என்று கேட்டேன். வாழ்த்துச் சொல்லத்தான் அடிக்கிறான், விடுங்க என்றாள்.

மகன், ஜூனில் நீ அவளைத் திட்டினாய். டிசம்பரில் வாழ்த்துகிறாய். நடுவில் ஒரு தடவைகூட அவளிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஊர் கேட்காதது எனக்குப் பழகிவிட்டது. சுதாகரன் கேட்க மாட்டான், அவனுக்குத் தேவை இல்லை. நான் கேட்டுப் பிரயோசனம் இல்லை, எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். நீ கேட்க வேண்டும். அவள் வாயால் ஒரு தடவை அதைச் சொல்லி, ஒரு ஆள் அதைக் கேட்டு, சரிம்மா என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் நீதான். வேறு ஆள் இல்லை.

நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கம் இல்லாதவன். தோட்டத்துத் துரையிடம் கெஞ்சியதில்லை, சங்கத்திடம் கெஞ்சியதில்லை. என் நம்பரை நீ அடைத்தது அடைத்தபடியே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். அவள் நம்பருக்கு இன்னொரு தடவை எடு. வாழ்த்துச் சொல்லாதே. வீரத்தாய், பெருமை, அந்தப் பேச்சு எதுவும் வேண்டாம். சாப்பிட்டியா என்று அவள்தான் முதலில் கேட்பாள். சாப்பிட்டதைச் சொல்லு, என்ன கறி என்று சொல்லு. அதற்குப் பிறகு கேள்.

நம்ம காவல் தெய்வம் ரோதமுனி உன்னைக் காப்பான். வெயிலில் தலையில் துணி போட்டுக்கொண்டு வேலை செய். தண்ணி நிறையக் குடி.

அவள் உடனே எடுக்க மாட்டாள். இடக்கையால் எடுக்கிறாள், இன்னும் பழக்கமில்லை, நேரம் பிடிக்கும். அடிக்கட்டும். வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. மருதமுத்து